பெயர் வைக்கக் கற்றல்: தீவக மாணவரும் நூலகச் சமூக மென்பொருளும்

1. பொருளும் எல்லையும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகு கால் மணி நேரத்தில் போய்விடும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும்; சோளகக் காற்று எழுந்த மாதங்களில் அதற்கு மேலும் செல்லும். இந்தக் கடலைத் தாண்டித்தான் பாடநூலும் பத்திரிகையும் நெடுந்தீவு மாணவர் கைக்கு வர வேண்டியிருந்தது. இன்று அதே மாணவர் கையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. அதில் வாட்ஸ்அப் இருக்கிறது, முகநூல் இருக்கிறது. தேடினால் விக்கிப்பீடியாவும் நூலகம் எண்ணிம நூலகமும் கிடைக்கின்றன.

இவற்றைப் பயன்படுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரை சொல்ல வரவில்லை. அதை மாணவர் நமக்குச் சொல்லித் தருவார்கள். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு உள்ளிட்ட தீவகத்தில் நூலகவியல் படிப்பவரும், பாடசாலை நூலகத்தில் உதவும் மாணவரும் சமூக மென்பொருளைக் கற்கும்போது தாம் எதைக் கற்றோம் என்று திரும்பிப் பார்ப்பது எவ்வாறு அமைய வேண்டும் என்பதே ஆய்வுப் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவகத்தில் இந்தக் கல்வியின் நடுக்கூறு பெயர் வைத்தல். ஒரு நூலுக்கும் படத்துக்கும் ஊருக்கும் மனிதருக்கும் எந்தப் பெயரை வைத்தால், தேடி வருபவர் கையில் அது அகப்படும் என்று அறிவதுதான் மாணவர் பெறும் பேறு. ஏனையவை ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

2. சமூக மென்பொருள் என்னும் சொல்

பலர் சேர்ந்து எழுதவும், திருத்தவும், குறிச்சொல் இடவும், பகிரவும், உரையாடவும் இடமளிக்கும் மென்பொருள் யாவும் இப்பெயருக்குள் அடங்கும். வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கியை இணையத்தில் வைத்தார். 2001இல் விக்கிப்பீடியா வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதன் தொடக்க காலத்தைத் தூக்கி நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். 2005இல் லைப்ரரிதிங் என்னும் தளம், வாசகர் தம் வீட்டு நூல்களைத் தாமே பட்டியலிட்டுத் தாமே குறிச்சொல் இட வழி செய்தது. 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் பழைய ஒளிப்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் வைத்து, விபரம் தெரிந்தவர்கள் சேர்க்கலாம் என்று பொதுமக்களை அழைத்தது. உலகின் மிகப் பெரிய நூலகங்களுள் ஒன்று, தனக்குத் தெரியாததை வாசகரிடம் கேட்ட அந்தச் செயல் நூலக வரலாற்றில் ஒரு திருப்பம்.

கற்பித்தல் முறையில் நமக்குப் பயன்படும் முன்மாதிரி அமெரிக்காவின் சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் 2006இல் ஹெலீன் புளோவர்ஸ் அமைத்த பயிற்சி. இருபத்து மூன்று சிறு செயல்கள், ஒன்பது வாரங்கள். விரிவுரை இல்லை. ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு செயலைத் தாமே செய்து பார்த்து, செய்தபோது நேர்ந்ததைத் தம் வலைப்பதிவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்குப் பரிசாக பாட்டுக் கேட்கும் ஒரு சிறு எம்பி3 கருவியும் கொடுத்தார்கள். பல நாட்டு நூலகங்கள் அம்முறையைத் தத்தமக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. அதன் வலிமை எழுதுவதில் இருந்தது. செய்ததை எழுதும்போதுதான் எதைச் செய்தோம் என்பது செய்தவருக்கே விளங்குகிறது. டொனால்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூலில் தொழில் செய்பவரின் சிந்தனை பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ இதுவே.

3. யாழ்ப்பாணத்தின் முன்வரலாறு

வாசகரே நூலகத்தை ஆக்குவது நமக்குப் புதிய செய்தி என்று எண்ண வேண்டாம். 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 844 நூல்களோடு ஒரு வாடகை அறைக்கு மாறிய அந்த முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதன் கட்டடத்தை வரைந்தவர் கட்டடக் கலைஞர் நரசிம்மன், ஆலோசனை சொன்னவர் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்த சீ. இரா. அரங்கநாதன். 1959இல் திறந்த அந்த நூலகம் 1981 மே மாத இறுதியில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின.

அந்த அழிவு நமக்கு ஒரு பாடம் விட்டுச் சென்றது. ஒரே இடத்தில், ஒரே படியாக இருக்கும் அறிவு காப்பற்றது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் அப்பாடத்தின் மேல் எழுந்தது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வருடி இணையத்தில் வைக்கும் அத்தளம் ஒரு விக்கி. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருள்தான் அதையும் இயக்குகிறது. பிரித்தானியாவிலிருந்து நூலகர் என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்' நூற்பட்டியலையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். நம் மாணவர் கற்கப்போகும் சமூக மென்பொருளின் மிகச் சிறந்த தமிழ் எடுத்துக்காட்டு அயல்நாட்டில் இல்லை. அது நம்மவர் கட்டியது.

4. பெயர்

4.1 இடப்பெயர்

ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவின் கல்வேலி ஒன்றை மாணவி படம் எடுக்கிறாள். பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலி. படத்தைப் பொதுத் தளத்தில் ஏற்றி, குறிச்சொல் இட வேண்டும். 'டெல்ஃப்ட்' என்று இடுகிறாள். அரசாங்கத்தின் ஆங்கில ஆவணங்களில் அவள் தீவின் பெயர் அதுதான். மறுநாள் அந்தக் குறிச்சொல்லைத் தட்டிப் பார்த்தால் நெதர்லாந்தின் வாய்க்கால்களும் நீலப் பூவேலை செய்த பீங்கான்களும் வரிசையாக வருகின்றன. அவள் வேலியைக் காணவில்லை. நூலகவியல் அவளுக்கு விளங்கத் தொடங்குவது அந்தக் கணத்தில்தான்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணையும் ஊர்காவற்றுறையும் சேர்ந்த தீவு லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம். பழைய வரைபடங்களிலும் குறிப்புகளிலும் நம் தீவுகள் இப்பெயர்களுக்குள் ஒளிந்து கிடக்கின்றன. இன்று வழக்கில் நிலைத்திருப்பது நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் மட்டுமே.

ஊர்காவற்றுறையின் கதை இன்னும் நீளமானது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக்குரியது, கா. இந்திரபாலா 1963இல் படித்து வெளியிட்டார். பரதேசி வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு என்றும் அது விதிக்கிறது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் அதை யானைத்துறை என்னும் பொருளில் அழைத்தார்கள். துறையைக் குறிக்கும் அவர்கள் சொல்லே கயிற்ஸ் என்று திரிந்தது என்பர். எழுத்தாளர்கள் காவலூர் என்பார்கள். ஆக, ஊராத்துறை, ஊர்காவற்றுறை, காவலூர், கயிற்ஸ் என ஒரு துறைமுகத்துக்கு நான்கு வாயில்கள். வாசகர் எந்த வாயிலால் வந்தாலும் உள்ளே ஒரே முற்றத்துக்கு வர வேண்டும்.

அட்டைப் பட்டியல் இருந்த காலத்தில் இதற்கு 'காண்க' அட்டை என்று ஒன்று வைத்தோம். விக்கியில் அதற்கு வழிமாற்றுப் பக்கம் என்று பெயர். செய்வது ஒன்றே. வேற்றுமை, இப்போது அந்த வழியை நெடுந்தீவுப் பாடசாலை மாணவர் ஒருவர் போடலாம் என்பதில் இருக்கிறது. கொழும்பில் இருக்கும் பட்டியலாளருக்கு நயினையும் நாகதீபமும் நயினாதீவும் ஒன்று என்பது தெரிந்திருக்கலாம். மணிமேகலை சொல்லும் மணிபல்லவத்தை நயினாதீவோடு பொருத்திப் பேசும் மரபு உண்டு என்பதும் தெரிந்திருக்கலாம். தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு குறிச்சிக்கு ஊரார் வழங்கும் பெயர் அவருக்குத் தெரியாது. மாணவருக்குத் தெரியும். மணிபல்லவத்தை வழிமாற்றாக இடலாமா, அல்லது அது கருத்து வேறுபாடுள்ள அடையாளப்படுத்தல் என்று உள்ளே விளக்க வேண்டுமா என்று வகுப்பில் விவாதித்தால், ஒரு பருவ காலப் பாடத்துக்கு அது ஒன்றே போதும்.

மறுபக்கச் சிக்கலும் உண்டு. ஒரு பெயர், இரண்டு ஊர். காரைதீவு என்றால் ஆம்ஸ்டர்டாம் என்று ஒல்லாந்தர் எழுதிய நம் காரைநகரா, சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த கிழக்கிலங்கைக் காரைதீவா? பழைய நூல் ஒன்றில் 'காரைதீவு' என்று மட்டும் இருந்தால் மாணவர் நூலுக்குள் போய்ப் பார்த்தே தீர வேண்டும். தமிழ் விக்கிப்பீடியர் இத்தகைய பெயர்களுக்குப் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு பக்கம் அமைக்கிறார்கள். அழகான கலைச்சொல். வழி தவறியவரைத் திருப்பிவிடும் சந்தி அது.

4.2 ஆட்பெயர்

தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தார். தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். அடிகளை எந்த ஊர்ப் பகுப்பில் வைப்பது? நெடுந்தீவு மாணவர் தம் ஊர் என்பார். காவலூர் மாணவர் தம் ஊர் என்பார். இருவர் சொல்வதும் மெய். தாள் அட்டையில் ஒரே இடம்தான் இருந்தது. விக்கியில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பகுப்புகளும் இடலாம். ஆனால் இரண்டுக்கும் காரணம் பக்கத்துக்குள் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதப் போகும் மாணவர் தந்தைவழி ஊர், பிறந்த ஊர், வளர்ந்த ஊர் என்று பிரித்துப் பார்க்கக் கற்கிறார்.

ஆங்கிலப் பட்டியல்கள் அடிகளின் பெயரை 'தனி' என்றும் 'நாயகம்' என்றும் இரண்டாகப் பிளந்து எழுதுவதுண்டு. இதைத் தீவக மாணவர் ஒருவர் திருத்தினால் அதற்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த, அந்தாம் தெ புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வெளிக்கொணர்ந்து 1966இல் பதிப்பித்தவர் அடிகள். தமிழியல் நூல்களுக்கு ஒரு நோக்கு நூற்பட்டியலையும் அதே ஆண்டு கோலாலம்பூரில் வெளியிட்டார். நூல் எங்கே இருக்கிறது என்று உலகுக்குச் சொல்வது தமிழ்த் தொண்டு என்று அவர் வாழ்ந்து காட்டினார். தீவக மாணவர் நூலகவியலில் முன்னோடி தேடி வெளியே போக வேண்டியதில்லை.

'காவலூர் இராசதுரை' என்னும் பெயரைப் பாருங்கள். 1977இல் வந்த 'பொன்மணி' திரைப்படத்தின் கதை வசனத்தோடு நினைக்கப்படும் எழுத்தாளர். இவரைக் 'கா'வில் வைப்பதா, 'இ'யில் வைப்பதா? பட்டியலாக்க விதி ஒன்று சொல்லும். வாசகர் நாவில் இருப்பது வேறு. புங்குடுதீவின் மு. தளையசிங்கமும் அவர் தம்பி மு. பொன்னம்பலமும் ஒரே முதலெழுத்துடன் நிற்கிறார்கள். அதை முதற்பெயரின் எழுத்து என்று வெளிநாட்டு மென்பொருள் எண்ணலாம், தந்தை பெயரின் எழுத்து என்று நாம் அறிவோம். நூலகம் தளம் ஆளுமைப் பக்கங்களில் இயற்பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் வைத்து எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தியது. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொல்லும் எந்த மென்பொருளையும் விட நம் பெயர் மரபுக்கு அது நெருக்கமானது. மென்பொருளின் கட்டத்துக்கு ஏற்ப நம் பெயரை மாற்ற வேண்டாம், கட்டத்தை மாற்றலாம் என்பதை மாணவர் இங்கே கண்கூடாகக் காண்கிறார்.

4.3 எழுத்துரு

சுருக்கமாக ஒன்று. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் அச்சகங்களும் பாடசாலைகளும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் வரிசை. அப்படித் தட்டச்சிட்ட கோவில் மலரை அப்படியே ஏற்றினால் தேடலில் ஒரு சொல்லும் அகப்படாது. மாணவர் முதல் நாளே ஒருங்குறியில் தட்டச்சுப் பழக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

5. பேச்சுப் பக்கம்

விக்கியின் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. யார் எதை எப்போது மாற்றினார் என்னும் வரலாறும் உண்டு. நம் மாணவருக்கு மிகக் கடினமான பாடம் இதுவே. ஆசிரியர் எழுதியதை, ஊரின் மூத்தவர் எழுதியதைத் திருத்துவதா? மரியாதை குறையாதா? தயக்கம் நியாயமானது. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெரியோர் சொல்லைக் கேட்டு வளர்ந்த சமூகத்தில் திருத்தும் உரிமை மெல்லத்தான் கைக்கு வரும்.

ஆனால் பேச்சுப் பக்கம் நம் மரபுக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. புராண படனத்தில் ஒருவர் வாசிக்க, ஒருவர் பயன் சொல்ல, கேட்டிருப்போர் ஐயம் எழுப்பிய ஊர்கள் இவை. "ஐயா, நீங்கள் எழுதிய ஆண்டு பாடசாலை மலரில் வேறாக இருக்கிறது; எதைக் கொள்ளலாம்?" என்று சான்றோடு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்கும் முறையை மாணவருக்குக் கற்பிக்க வேண்டும்; அத்தோடு, கேட்கப்படும்போது சினக்காமல் பதில் சொல்ல ஆசிரியரும் கற்க வேண்டும்.

சான்று என்றதும் தீவகத்தில் கிடைக்கும் ஒரு வளம் நினைவுக்கு வருகிறது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு என்னும் நினைவு மலர். பரம்பரை, பிறந்த குறிச்சி, படித்த பாடசாலை, செய்த தொழில், பிள்ளைகள் குடியேறிய நாடுகள் என எல்லாம் அதில் இருக்கும். 1990இல் தீவகத்தை விட்டு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு தாள்களும் போயின. பின்னர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் அச்சான கல்வெட்டுகள்தான் பல குடும்பங்களின் ஊர் நினைவைத் தாங்கி நிற்கின்றன. வரலாற்றுக்கு அது சான்றா? ஆம், அளவோடு. ஊரும் உறவும் பற்றி அது சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். புகழ்ச்சியை நம்பக் கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு கல்வெட்டை வைத்துப் பழகிய மாணவருக்கு எந்த மூலத்தையும் எடைபோடத் தெரிந்துவிடும்.

6. மின்சாரமும் அலைவரிசையும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின் வலையமைப்போடு இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியவை. காற்றையும் சூரிய ஒளியையும் கொண்டு இம்மூன்றுக்கும் மின்சாரம் வழங்க இந்திய உதவியுடன் ஒரு திட்டத்துக்கு 2022இல் கையெழுத்திட்டார்கள். பயிற்சியை வகுப்பவர் இந்த நிலைமையை நினைவில் வைக்க வேண்டும். எப்போதும் இணைப்பில் இருக்கும் மாணவருக்காக வகுத்த பாடம் இங்கே நின்றுவிடும்.

இதற்கு வழி உண்டு. கிவிக்ஸ் என்னும் மென்பொருள் விக்கிப்பீடியாவை இணைப்பில்லாமல் வாசிக்க உதவுகிறது. ஒரு முறை இறக்கினால் பாடசாலை நூலகக் கணினியில் இருக்கும். கட்டுரையைக் கைபேசியில் எழுதி வைத்து, வேலணைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் நாளில் ஏற்றலாம். இடையில் கிடைக்கும் நாட்கள் வீண் இல்லை. ஏற்றுவதற்கு முன் திரும்ப வாசிக்கும் வாய்ப்பு அது. நகரத்து மாணவருக்கு அது வாய்ப்பதில்லை.

7. வெளியிடத் தகாதவை

1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 20க்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்நாளை எழுதாமல் நெடுந்தீவின் வரலாற்றை எழுத முடியாது, எழுதவும் வேண்டும். ஆயினும் கொல்லப்பட்டவரின் படத்தை யார் அனுமதியோடு ஏற்றுவது? தப்பியவர் சொன்னதைப் பெயரோடு போடலாமா? இக்கேள்விகளை மென்பொருள் கேட்காது. 'பகிர்' என்னும் பொத்தான் மட்டுமே அங்கே இருக்கும். கேட்க வேண்டியவர் மாணவர்.

சட்டமும் சில எல்லைகளை வகுத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. சட்டம் தொடாத இடமும் பெரிது. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய படம் அந்தக் குழுவுக்கு உரியது. அதைப் பொதுத் தளத்துக்கு எடுத்துச் செல்லும் முன் கேட்பது கடமை. கேட்டு, மறுத்தால், விட்டுவிட வேண்டும்.

8. குறிப்பேடு

மாணவர் தம் கற்றலைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பேட்டை மதிப்பிடுவதில்தான் பல பயிற்சிகள் தவறுகின்றன. 'இன்று விக்கி பற்றி அறிந்தேன். மிகவும் பயனுள்ளது' என்று ஒரு மாணவர் எழுதினால் அதற்குப் புள்ளி கொடுக்கக் கூடாது. அது மென்பொருளுக்கு அளித்த நற்சான்று. கற்றல் அதில் இல்லை. கேட்க வேண்டியவை வேறு. நீங்கள் வைத்த எந்தப் பெயர் தவறாயிற்று? அதை யார் காட்டித் தந்தார்? உங்கள் ஊரில் யாரிடம் போய்க் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், அச்சில் இருந்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? எதை வெளியிடாமல் விட்டீர்கள், ஏன்? இக்கேள்விகளுக்கு நேர்மையாக அரைப் பக்கம் எழுதிய மாணவர், பத்து மென்பொருள்களைப் பட்டியலிட்டவரைவிட நூலகத்துக்குத் தகுதியானவர் என்பது என் தீர்ப்பு.

குறிப்பேடு தமிழில் இருக்க வேண்டும். பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தாலும் குறிப்பேடு தமிழில் இருக்க வேண்டும். பெயர்களின் நுட்பம் அம்மொழியில்தான் இருக்கிறது. வழிமாற்று, பகுப்பு, மணல்தொட்டி என்று தமிழ் விக்கிப்பீடியர் ஆக்கிய சொற்கள் வழக்கில் நின்று பழகிவிட்டன. அவற்றைக் கையாண்டு எழுதும் மாணவர் தொழில்மொழியையும் சேர்த்துக் கற்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறிப்பேட்டை ஆசிரியர் மட்டும் வாசித்து மூடிவைப்பது இம்மென்பொருளின் இயல்புக்கே மாறானது. நயினாதீவு மாணவர் எழுதியதை நெடுந்தீவு மாணவர் வாசிக்க வேண்டும். இரு தீவுக்கும் இடையில் நேரடிப் படகு இல்லாத நாளிலும் அது நடக்கலாம்.

9. வேண்டுகோள்

தீவகக் கல்வி வலயத்தின் ஆசிரியர்களிடமும், பிரதேச சபை நூலகங்களின் பொறுப்பாளர்களிடமும் ஒரு சிறு தொடக்கத்தை வேண்டுகிறேன். ஒரு பாடசாலை, ஒரு தவணை, பத்து மாணவர். ஒவ்வொருவரும் தம் குறிச்சியின் பத்து இடப்பெயர்களைச் சான்றோடு எழுதட்டும்; பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்கு வழி போடட்டும்.

கடல் கடந்து வாழும் தீவகத்தாரிடம் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் அலுமாரியில் ஒரு கல்வெட்டோ பாடசாலை மலரோ கோவில் மலரோ இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய படங்களின் பின்புறத்தில் நிற்பவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.